விஆரில் டேபிள் டென்னிஸ் ஆடினால் நிஜ மேசையில் கை தேறுமா?

பேக்ஹேண்ட்:
விஆர் (மெய்நிகர் உலகைக் காட்டும்) ஹெட்செட்டில் கொஞ்ச நாளாக டேபிள் டென்னிஸ் ஆடி வருகிறேன். அதில் பேக்ஹேண்ட் (புறங்கை அடி) அருமையாக விழுகிறது. நிஜ மேசைக்குப் போனால் முதல் சில ராலிகளில் (இருவரும் மாறி மாறி அடிக்கும்போது) பந்து மட்டை விளிம்பில் பட்டுத் தெறிக்கிறது. ஹெட்செட்டைக் கழற்றிய கையோடு பார்த்தால் கையே என்னுடையது மாதிரி இல்லை. மூளை தப்பாகப் பழகிவிடுமா? நிறுத்திவிடலாமா?

சுழல்பந்து:
நிறுத்தாதீர்கள். 2019-இல் வந்த ஓர் ஆய்வில், விஆரில் மட்டும் பயின்றவர்கள் பயிற்சியே இல்லாதவர்களைவிட நிஜ மேசையில் நன்றாக ஆடினார்கள்.

பிசியோ_அக்கா:
அது சரிதான். ஆனால் பயிற்சியே இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் எதுவும் கொஞ்சம் நன்றாகத்தானே தெரியும்!

நான் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவர்களுக்குக் கைப்பயிற்சி தர விஆரையும் பயன்படுத்துகிறேன். விஆரில் கோப்பையை எடுப்பவர் விரலை விரிப்பதே இல்லை, கன்ட்ரோலர் பொத்தானை அழுத்தினால் போதும். அதனால் கழற்றியதுமே நிஜ டம்ளரை நீட்டி, கட்டைவிரல் எவ்வளவு திறக்கிறது என்று பார்ப்பேன். பலருக்கு அங்கேதான் தடுமாற்றம்.

உங்களுக்கும் இதே கதைதான். பந்து கிட்டே வரும்போது இரு கண்களும் உள்பக்கம் திரும்புகின்றன. ஆனால் பெரும்பாலான ஹெட்செட்டுகளில் குவியத் தூரம் ஒரே இடத்தில் நிற்பதால் கண் லென்ஸ் அதற்கேற்ப மாறத் தேவையில்லை. தூரக் கணக்கு அங்கே பிசகலாம். மட்டையில் பந்து பட்ட அதிர்வும் வெறும் மோட்டார் தருவதுதான்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 2017-இல் ஓர் ஆய்வு நடந்தது. குறியை நோக்கிக் கையை நகர்த்தும்போது, திரையில் தெரியும் புள்ளி வேண்டுமென்றே திசை மாறிப் போகும். சாதாரணத் திரை, ஹெட்செட் இரண்டிலும் திருத்திக்கொண்ட அளவு ஒன்றுதான். ஆனால் ஹெட்செட்காரர்கள் ‘கொஞ்சம் தள்ளிக் குறிவைப்போம்’ என்று யோசித்தே அதிகம் திருத்தினார்கள். சிறுமூளை தானாகச் செய்யும் பழக்கம் குறைவு. யோசித்துக் கற்றது, வேகமான ராலியில் கைகொடுக்காது.

சுழல்பந்து:
விஆரில் எலி மூளை செல்கள் அணைந்துபோயினவாமே?

பிசியோ_அக்கா:
2014 ஆய்வு. ஹிப்போகாம்பஸ் (இடத்தை நினைவில் வைக்கும் மூளைப் பகுதி) செல்களில் சுமார் 60% அடங்கிப்போயின, உண்மைதான். ஆனால் சாகவில்லை, நிஜ அறையில் அவை வேலை செய்தன. எலியை வாரில் கட்டி, உருளும் பந்தின்மேல் ஓடவிட்டார்கள். உடல் நகராதபோது, அசைவை உணரும் உள்காதுக்கு என்ன செய்தி போகும்?

எதிராளி போடும் சர்வைக் கணிக்கவும் கால் நகர்த்தவும் விஆரை வைத்துக்கொள்ளுங்கள். கைநயத்துக்கு நிஜப் பந்துதான். கழற்றியதும் மெதுவாகத் தட்டிப் பழகி, அப்புறம் ஆட்டத்துக்குப் போங்கள்.

பேக்ஹேண்ட்:
நன்றி அக்கா. கழற்றியதும் வண்டி ஓட்டலாமா?

பிசியோ_அக்கா:
தலைசுற்றல் இருந்தால் கூடாது. முழுசாகத் தெளியட்டும்.