மியூஸ்ஸ்கோர் 3.6: இழுத்து வெச்ச மார்க்கிங் எல்லாம் இடம் மாறிடுது, என்ன பண்றது?

பாலக்கோடு_ஆல்ட்டோ

வணக்கம். தருமபுரி மாவட்டம், பாலக்கோடு பக்கத்துல எங்க கோயில் பாடகர் குழுவுக்கு நாலு குரல்ல ஒரு பாட்டை மியூஸ்ஸ்கோர்ல (இசைக்குறிப்பு எழுதற மென்பொருள்) எழுதிட்டு இருக்கேன். கூடவே கீபோர்டுக்கு ரெண்டு ஸ்டாஃப் (நோட்டு எழுதற அஞ்சு கோட்டு வரிசை). லேப்டாப் பழசு, 32 பிட் விண்டோஸ், அதனால மியூஸ்ஸ்கோர் 4 ஏறாது. "புதுசு போடுங்க"ன்னு மட்டும் யாரும் சொல்லிடாதீங்க ப்ளீஸ்.

பியானோ (மெல்ல), ஃபோர்ட்டே (சத்தமா)ன்னு சத்த அளவு சொல்ற குறி எல்லாம் ஸ்டாஃபுக்குக் கீழதான் வந்து விழுது. கீழ பாட்டு வரி இருக்கு. தமிழ் எழுத்து சும்மாவே இடத்தை அடைச்சுக்கும், அதுல இந்தக் குறியும் சேர்ந்தா வரி ஸ்டாஃபை விட்டு எங்கயோ இறங்கிடுது. சரின்னு ஒவ்வொண்ணா மவுஸ்ல பிடிச்சு மேல இழுத்து வெச்சேன். சிலதை அப்படியே பக்கத்து பாருக்கும் (ரெண்டு குத்துக்கோட்டுக்கு நடுவுல இருக்கிற தாளக் கட்டம்) தள்ளினேன். பார்க்க அழகா இருந்துச்சு.

அப்புறம் ஃபாதர் "முன்னாடி ரெண்டு பார் இன்ட்ரோ சேருங்கம்மா"ன்னார். சேர்த்தேன். எல்லாம் போச்சு. ஆல்ட்டோவுல (பெண்களோட கீழ்க்குரல்) சரணம் தொடங்குற இடத்துல இருந்த ஃபோர்ட்டே, இப்ப முந்தின வரிசையோட கடைசியில, மார்ஜினையும் தாண்டி வெளிய தொங்குது. மறுபடி முதல்ல இருந்து இழுக்கணுமா?

கிருஷ்ணகிரி_பேண்ட்மாஸ்டர்

இழுக்காதீங்க தங்கச்சி. இழுத்ததுதான் வினையே.

அந்த ஃபோர்ட்டேவை கிளிக் பண்ணி லேசா அசைச்சுப் பாருங்க. ஒரு புள்ளிக்கோடு தெரியும். அது எந்த நோட்டுல போய் முட்டுதோ அதுதான் குறியோட முளை. ஆட்டை முளையடிச்சுக் கட்டுற கணக்குதான்: ஆடு எவ்வளவு தூரம் போனாலும் முளை போட்ட இடத்துலயே நிக்கும். நீங்க மவுஸ்ல நகர்த்துனது ஆட்டை மட்டும். இன்ட்ரோ சேர்ந்ததும் முளை நோட்டு மேல் வரிசையிலயே தங்கிடுச்சு, சரணம் அடுத்த வரிசைக்கு இறங்கிடுச்சு. கயிறு நீளம் அப்படியே இருக்கறதால குறி மார்ஜினுக்கு வெளிய போய் நிக்குது.

சந்தேகமா இருந்தா பிளே போட்டுக் கேளுங்க. சத்தம் முளை இருக்கிற நோட்டுலதான் ஏறும், படம் தெரியுற இடத்துல ஏறாது.

இப்ப செய்ய வேண்டியது. ஏதாவது ஒரு குறி மேல ரைட் கிளிக், செலக்ட், ஆல் சிமிலர் எலிமென்ட்ஸ். எல்லாம் நீலமாகும். கண்ட்ரோல்+ஆர் அடிங்க. இழுத்த இழுப்பெல்லாம் ரத்தாகி ஒவ்வொண்ணும் தன் முளைக்கே போயிடும். பார்க்கக் கேவலமா இருக்கும், பயப்படாதீங்க. எது எது தப்பான நோட்டுல கட்டியிருக்குன்னு அப்பதான் பளிச்சுன்னு தெரியும். தப்பானதை கண்ட்ரோல்+எக்ஸ் பண்ணி, சரியான நோட்டைத் தொட்டு, கண்ட்ரோல்+வி.

அடுத்தது மேல ஏத்தறது. ஒரே ஒரு குறியைத் தேர்ந்தெடுத்து எஃப்8 அடிச்சா இன்ஸ்பெக்டர் திறக்கும். அதுல பிளேஸ்மென்ட்டை 'அபவ்' ஆக்கிட்டு, பக்கத்துல இருக்கிற குட்டி 'எஸ்' பட்டனை அமுக்குங்க. அந்தப் பாட்டுல இருக்கிற எல்லா குறிக்கும் அதுவே சட்டம். இனிமே புதுசா போடறதும் மேலதான் வரும். குரலுக்கு மேல போடறதுதான் முறையும்கூட, கீழ சொல் இருக்கே. எங்க கிளாரினெட், டிரம்பெட்டுக்குச் சொல் ஏது? அதனால கீழ போடுவோம்.

ஓசூர்_லில்லி

எதுக்கு இந்தப் பாடு? லில்லிபாண்டுக்கு வந்துடுங்க, அதுவும் இசைக்குறிப்பு எழுதற மென்பொருள்தான். 1996ல இருந்து இருக்கு, இலவசம், எல்லாமே டெக்ஸ்ட் ஃபைல். குறியை நோட்டுக்குப் பக்கத்துலயே எழுதுறோம், அதனால தப்பான நோட்டுல கட்ட வாய்ப்பே இல்ல. மேல வரணும்னா தொடக்கத்துல ஒரே ஒரு கட்டளை. மவுஸ் கையில இருக்கிற வரைக்கும் இந்தத் தலைவலி தீராது.

கிருஷ்ணகிரி_பேண்ட்மாஸ்டர்

தம்பி, நானும் பார்த்திருக்கேன். அச்சு அருமையா வரும், மறுக்கல. ஆனா அதுலயும் 'எக்ஸ்ட்ரா ஆஃப்செட்'னு ஒண்ணு இருக்குல்ல? அதுல நகர்த்தினா பக்கத்துல இருக்கிற குறிக்குச் சேதியே போகாது, மேல மேல ஏறி உட்காரும். கையால தள்ளினா எந்த மென்பொருளா இருந்தாலும் இதே கதைதான். அந்தம்மாவுக்கு ஒத்திகை நெருங்கியிருக்கும், இப்ப போய் புது பாஷை கத்துக்கச் சொல்றீங்க.

பாலக்கோடு_ஆல்ட்டோ

மாஸ்டர், ரொம்ப நன்றி. கண்ட்ரோல்+ஆர் அடிச்சதும் நிஜமாவே வயித்தைக் கலக்கிடுச்சு, ஆனா எல்லாம் சரியாயிடுச்சு. பாட்டு வரியும் ஸ்டாஃபை ஒட்டி வந்துடுச்சு.

ரெண்டு சந்தேகம். குரலுக்கு மேல ஏறுன மாதிரியே கீபோர்டுக்கும் வலது கை ஸ்டாஃபுக்கு மேல ஏறிடுச்சு. ரெண்டு ஸ்டாஃபுக்கும் நடுவுலதானே வரணும்? இன்னொண்ணு, கிரெசண்டோ ஹேர்பின் (சத்தம் படிப்படியா ஏறணும்னு காட்டுற, வாய் விரிஞ்ச கோடு) இன்னும் கீழயே இருக்கு. அதோட முனையை ஆரோ கீயில நீட்டினா கோடு நீளுது, ஆனா பிளே போட்டா பழைய இடத்துலயே சத்தம் நின்னுடுது.

கிருஷ்ணகிரி_பேண்ட்மாஸ்டர்

கீபோர்டுக்கு நடுவுலதான், சரியாச் சொன்னீங்க. வலது கை ஸ்டாஃபுல ஒரு குறி மேல ரைட் கிளிக், செலக்ட். இந்தத் தடவை 'இன் சேம் ஸ்டாஃப்'னு முடியறதை எடுங்க. எல்லாம் நீலமானதும் 'எக்ஸ்' மட்டும் அடிங்க, கண்ட்ரோல் வேண்டாம். மேல இருந்தது கீழ வந்துடும், குரலெல்லாம் அசையாது. இங்க மறந்தும் 'எஸ்' பட்டனைத் தொட்டுடாதீங்க, சொப்ரானோ (மேல்குரல்) வரைக்கும் குறியெல்லாம் கீழ இறங்கிடும்.

ஹேர்பினுக்குச் சட்டம் தனி. ஃபார்மட், ஸ்டைல் போனா டைனமிக்ஸுக்கு (பியானோ, ஃபோர்ட்டே மாதிரி குறிகள்) ஒரு பக்கம், ஹேர்பின்ஸுக்கு ஒரு பக்கம் இருக்கும். ஹேர்பின்ஸ்லயும் பிளேஸ்மென்ட்டை அபவ் ஆக்குங்க. கீபோர்டுல இருக்கிற ஹேர்பினை மட்டும் முன்ன சொன்ன மாதிரியே திருப்பிடுங்க.

முனை விஷயம்: வெறும் ஆரோ கீ படத்தை மட்டும்தான் நீட்டும். ஹேர்பினுக்கு முளை ரெண்டு, தொடக்கத்துக்கு ஒண்ணு, முடிவுக்கு ஒண்ணு. முடிவுல இருக்கிற சின்னக் கட்டத்தைத் தொட்டு ஷிஃப்ட்+வலது ஆரோ அடிங்க. முளையே அடுத்த நோட்டுக்குப் போகும், சத்தமும் கூடவே போகும்.

இவ்வளவும் முடிஞ்ச பிறகு ஏதோ ஒரு இடத்துல ஸ்லர் (நோட்டுகளைச் சேர்க்கிற வளைகோடு) மேல குறி முட்டும், இல்ல டெம்போ (வேகம்) எழுத்தோட இடிக்கும். அங்க மட்டும் கை வைக்கலாம், அதுவும் மேல் ஆரோ, கீழ் ஆரோவால. ஒரு தட்டுக்கு 0.1 ஸ்பேஸ் நகரும், கண்ட்ரோலோட தட்டினா 1 ஸ்பேஸ். ஒரு ஸ்பேஸ்னா ஸ்டாஃபுல ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருக்கிற இடைவெளி, முழு ஸ்டாஃபும் 4 ஸ்பேஸ். மில்லிமீட்டர்ல இல்லாம இப்படி இருக்கறதுல ஒரு வசதி இருக்கு. ஊர்வலத்துல வாசிக்க, டிரம்பெட்டுல கிளிப் போட்டு மாட்டுற அட்டைக்கு நான் ஸ்டாஃபைச் சின்னதாக்குவேன், தள்ளி வெச்ச தூரமும் அதே கணக்குல சுருங்கிடும். கல்யாண சீசன்ல ஒவ்வொரு பார்ட்டையும் மறுபடி சீவிட்டு உட்கார எவனுக்கு நேரம்?

ஆனா கை வைக்கறது கடைசி வேலையா இருக்கணும். எந்த பார்ல வரிசை உடையணும்னு முதல்ல முடிவு பண்ணுங்க (பாரைத் தொட்டு என்டர் அடிச்சா அங்க உடையும்), பாட்டு வரி முழுக்க டைப் பண்ணுங்க, ஃபாதர்கிட்ட காட்டி "இனிமே மாத்தமாட்டேன்"னு வாங்கிக்கோங்க. அதுக்கப்புறம் நுணுக்க வேலை.

பாலக்கோடு_ஆல்ட்டோ

கடைசியா சொன்னதுதான் நடக்காத காரியம் மாஸ்டர் 😄 மத்ததெல்லாம் பண்ணிட்டேன். ஹேர்பின் சத்தமும் சரியா வருது. இந்த செட்டிங்கை அடுத்த பாட்டுக்கும் கொண்டு போக முடியுமா?

ஓசூர்_லில்லி

முடியும்க்கா. ஃபார்மட் மெனுவுல 'சேவ் ஸ்டைல்' கொடுத்து ஒரு ஃபைலா வெச்சுக்கோங்க, அடுத்த பாட்டைத் திறந்து 'லோட் ஸ்டைல்'. கீபோர்டுக்கு எக்ஸ் அடிச்சது மட்டும் கூட வராது, அதை ஒவ்வொரு பாட்டுலயும் நீங்கதான் பண்ணணும். லில்லிபாண்டுல அந்தத் தொல்லையும் இல்ல, சொல்லி வைக்கிறேன்.