பழனியின் ‘ப’வில் காற்று போதவில்லையாம்: வல்லின ஒலி எல்லா மொழியிலும் ஒன்றுதானா?

பழனிக்காரன்:
சிகாகோவில் உள்ள ஓர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் என் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். முதலெழுத்து ஆங்கிலத்தின் 16ஆம் எழுத்து (P). மறுமுனையில் இருந்த அம்மையார் 2ஆம் எழுத்தை (B) எழுதிக்கொண்டார். மூன்று முறை திருத்தினேன், மூன்று முறையும் அதே 2ஆம் எழுத்து. கடைசியில் ‘பாரிஸ் நகரத்தின் முதலெழுத்து’ என்றேன். உடனே சரியாக எழுதிவிட்டார். நான் சொன்னது பல், பழம், பணம் என்பவற்றில் வரும் சுத்தமான ‘ப’தான். குரல் கலக்காத, அதாவது தொண்டை அதிராத, வல்லின ஒலி எந்த மொழியிலும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? கோளாறு என் வாயிலா, அவர் காதிலா?

வல்லினவாதி:
காதில்தான், சந்தேகமே வேண்டாம். இரண்டு உதடுகளும் மூடி, குரல் சேராமல் சட்டென்று திறந்தால் ‘ப’. இதில் தமிழ் உதடு, அமெரிக்க உதடு என்று என்ன பாகுபாடு? அவர்கள் அதன்மேல் ஒரு மூச்சை ஊதிச் சேர்க்கிறார்கள். அது ரசத்தின்மேல் தூவிய கொத்தமல்லி. கொத்தமல்லி இல்லாவிட்டால் ரசம் சாம்பாராகிவிடுமா? முப்பது ஆண்டு வகுப்பறையில் நின்றவன் சொல்கிறேன்: நாம் ஊதப் பழக வேண்டியதில்லை, அவர்கள் கேட்கப் பழகட்டும்.

மில்லிவிநாடி:
ஐயா, கொத்தமல்லி உவமை இந்தியில் ஓர் உணவகத்துக்குள் நுழைந்தவுடனே கவிழ்ந்துவிடும். ‘கானா’ என்பதை மூச்சோடு சொன்னால் சாப்பாடு. மூச்சில்லாமல் சொன்னால் ஒற்றைக்கண்ணன். குரலோடு சொன்னால் பாட்டு. தமிழ் எழுத்தில் மூன்றும் ஒன்றுதான், அவர்களுக்கோ மூன்றும் வேறு வேறு சொற்கள்.

பழனிக்காரரின் சிக்கலுக்கு 1964லேயே விடை வந்துவிட்டது. லிஸ்கர், ஆபிராம்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 11 மொழிகளின் சொல்முதல் அடைப்பொலிகளை, அதாவது ப, ட, க போல வாயில் காற்றை அடைத்துத் திறக்கும் ஒலிகளை, அளந்தார்கள். தமிழும் அந்தப் பதினொன்றில் ஒன்று. அவர்கள் அளந்தது மிக எளிய ஒன்று: உதடோ நாக்கோ திறந்த கணத்துக்கும் குரல்நாண்கள் அதிரத் தொடங்கும் கணத்துக்கும் நடுவே எவ்வளவு நேரம்? ஆங்கிலத்தின் 16ஆம் எழுத்துக்குச் சராசரியாக 58 மில்லிவிநாடி. ‘ட’ போன்ற ஒலிக்கு 70, ‘க’வுக்கு 80. இந்த இடைவெளியில்தான் அந்த மூச்சு வெளியேறுகிறது. தமிழிலும் ஸ்பானிய மொழியிலும் இது 30க்குக் கீழே, ‘ப’வுக்கு அதிலும் குறைவு.

ஆங்கிலத்தின் 2ஆம் எழுத்து சொல்லின் தொடக்கத்தில் வரும்போது பெரும்பாலும் எங்கே விழுகிறது தெரியுமா? ஏறத்தாழ நம் ‘ப’ விழும் அதே இடத்தில். ஆங்கிலக் காது இரண்டு எழுத்துகளுக்கும் நடுவே வேலி போட்டிருப்பது 25, 30 மில்லிவிநாடி வாக்கில். பழனிக்காரரின் ‘ப’ அந்த வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டது. அம்மையார் கேட்டதைத்தான் எழுதினார், காதில் குறையில்லை.

வல்லினவாதி:
அளவுகோல் நன்று. ஆனால் ஒரு கேள்வி. ‘ஸ்பூன்’ என்று சொல்லும்போது ஆங்கிலேயரும் ஊதுவதில்லை. உள்ளங்கையை வாய்க்கு முன்னே பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஊதாத அந்த ஒலியையும் அவர்கள் 16ஆம் எழுத்தால்தானே எழுதுகிறார்கள்? இரண்டும் ஒன்றே என்று அவர்கள் மனமே ஒப்புக்கொள்ளும்போது உங்கள் மில்லிவிநாடிக்கு என்ன மதிப்பு?

மில்லிவிநாடி:
நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ஆனால் ஒலிப்பதிவில் அந்த ‘ஸ்’ஸை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைப் போட்டுக் காட்டினால், ஆங்கிலேயர் அதை 2ஆம் எழுத்தாகவே கேட்கிறார்கள். ‘ஸ்’ஸுக்குப் பின்னே இரண்டுக்கும் போட்டியே கிடையாது என்பதால் எழுத்தைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. நமக்கும் அதே கதைதானே? ‘பாம்பு’ என்ற சொல்லில் இரண்டு ப. முதலாவதில் குரல் இல்லை, இரண்டாவதில் உண்டு. எத்தனை தமிழர் இதைக் கவனித்திருக்கிறோம்?

வல்லினவாதி:
கவனிக்கத் தேவையில்லை, அதுதான் தமிழின் சிறப்பு. இடத்தைப் பார்த்தால் ஒலி தானே வரும், பிறகு எழுத்து எதற்கு இரண்டு? திராவிட மொழிகளை ஒப்பிட்டு ஆராய்ந்த கால்டுவெல் 1856லேயே இதை விதியாக எழுதிவிட்டார்.

பழனிக்காரன்:
மன்னிக்க வேண்டும், அந்த விதி நம் பழைய சொற்களுக்குச் சரி. ‘பாவம்’ செய்தவனுக்கும் முகத்தில் ‘பாவம்’ காட்டும் நடிகருக்கும் என்ன செய்வது? இரண்டுமே சொல்லின் முதலில்தான் வருகின்றன. பஸ், பயம், காந்தி எல்லாம் அப்படியே. இடத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, சொல்லை முன்பே அறிந்திருக்க வேண்டும்.

சியோல்வாசி:
இரு தரப்பையும் சற்றுக் குழப்பிவிட்டுப் போகிறேன். நான்கு ஆண்டுகளாகக் கொரியாவில் இருக்கிறேன். இங்கே நிலவு, மகள், முகமூடி என்ற மூன்று சொற்களும் நம் காதுக்கு ஏறக்குறைய ‘தல்’. சொல்முதலில் மூன்றிலுமே குரல் கிடையாது. ஒன்று மென்மையாக, ஒன்று தொண்டையை இறுக்கி, ஒன்று மூச்சோடு. மூன்றும் ‘குரலில்லா அடைப்பொலி’ என்ற ஒரே தலைப்பில் அடங்கும் என்றால், எல்லா மொழியிலும் ஒன்றுதான் என்ற ஐயாவின் கட்சி இங்கே செல்லாது.

மில்லிவிநாடி நண்பரும் மகிழ வேண்டாம். சியோலின் இளைய தலைமுறையிடம் நிலவுக்கும் முகமூடிக்கும் நேர இடைவெளி ஏறத்தாழ ஒன்றாகிவிட்டது. இப்போது அவர்கள் பிரித்தறிவது அடுத்து வரும் உயிரின் சுருதியை வைத்து. நிலவு தாழ்ந்த சுருதி, முகமூடி உயர்ந்த சுருதி. கடிகாரத்தை மட்டும் நம்பினால் இங்கே நிலவு கேட்டவனுக்கு முகமூடிதான் கிடைக்கும்.

மில்லிவிநாடி:
ஒப்புக்கொள்கிறேன். நேரம் ஒரு கம்பிதான், முழு வீணையல்ல. ஆனாலும் அந்தக் கம்பியை எளிதாக எண்ணிவிடாதீர்கள். 1971இல் ஐமாஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் ஒரு மாதக் குழந்தைகளே இந்த வேலியின் இரு பக்கங்களையும் பிரித்துக் கேட்பதைக் காட்டினார்கள். 1975இல் கூல், மில்லர் என்ற இருவர் சின்சில்லா எலிகளைப் பழக்கிச் சோதித்தார்கள். அவையும் ஆங்கிலேயர் வேலி போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே போட்டன.

வல்லினவாதி:
ஆக, அந்த அம்மையாரின் காதும் எலியின் காதும் ஒன்று. நான் முதலிலேயே சொன்னேன்.

வடமராட்சியான்:
எல்லோரும் நேரத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். இடத்தை மறந்துவிட்டீர்கள். ஆங்கிலத்தின் 20ஆம் எழுத்து (T) நாக்கு நுனி பல்லீற்றைத் தொட்டுப் பிறப்பது. தமிழ்நாட்டில் அதற்கு நாக்கை வளைத்து ‘ட’ போடுகிறீர்கள்: பேட்டரி, லிட்டர். நாங்கள் பற்றறி, லீற்றர் என்று எழுதுகிறோம். பலர் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் ‘ற்ற’ இன்றும் பல்லீற்று அடைப்பொலி. வெற்றி, காற்று என்று நாங்கள் சொல்லும்போது அதில் ‘ட்ர’ என்ற நடுக்கம் இராது. ஆங்கில ஒலிக்கு அருகில் இருக்கும் எழுத்து அதுதான்.

மலையாளிகளைக் கேளுங்கள். அவர்களுக்குப் ‘பத்தி’ பாம்பின் படம், ‘பற்றி’ குறித்து, ‘பட்டி’ நாய். மூன்று இடம், மூன்று சொல், மூன்றிலும் குரல் இல்லை.

வல்லினவாதி:
வடமராட்சியாருக்கு என் வணக்கம். தொல்காப்பியர் உங்கள் பக்கம் நிற்கிறார். ர, ழ பிறக்க நாநுனி அண்ணத்தை ‘வருட’ வேண்டும் என்றவர், ற, ன பிறக்க ‘ஒற்ற’ வேண்டும் என்கிறார். வருடுவது உரசிப் போவது, ஒற்றுவது அழுந்தி நிற்பது. ‘ற’வை வல்லினத்தில் ஏன் வைத்தார் என்று மாணவர்கள் கேட்கும்போதெல்லாம் நான் இதைத்தான் சொல்வேன். சொல்லிவிட்டு நானே ‘காட்ரு’ என்று வாசிப்பேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘ப’ விஷயத்தில் நான் இறங்கி வருவதாக யாரும் எண்ண வேண்டாம்.

மில்லிவிநாடி:
இறங்க வேண்டாம் ஐயா. அரபு மொழியில் ‘ப’வுக்கே இடமில்லை, பாகிஸ்தான்கூட அங்கே 2ஆம் எழுத்தின் ஒலியில்தான் தொடங்கும். சீனத்திலோ கதை வேறு: அந்த மொழியை ரோமன் எழுத்தில் எழுதும் பின்யின் முறையில் பெய்ஜிங்கின் முதலெழுத்து 2ஆம் எழுத்து. ஆனால் அவர்கள் வாயில் வருவது குரலே இல்லாத, ஊதாத, அச்சு அசல் உங்கள் ‘ப’. உங்கள் கட்சிக்கு ஆளுக்குப் பஞ்சமில்லை.

பழனிக்காரன்:
நேற்று மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை வாய்க்கு முன்னே தொங்கவிட்டுச் சோதித்தேன். நான் ‘பழனி’ என்றால் காகிதம் அசையவில்லை. இங்கே அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த எட்டு வயது மகள் சொன்னபோது அது எகிறிப் போய் அவள் அம்மாவின் காப்பியில் விழுந்தது. மறுபடியும் அதே அலுவலகத்துக்குப் பேச வேண்டியிருந்தால் பெயரைச் சொல்ல அவளை நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன்.

வல்லினவாதி:
‘ப’ இருக்கட்டும். அவளுக்கு ‘ழ’ வருகிறதா?