பக்கத்து வீட்டுத் தண்ணீர் எங்கள் நடைபாதையில் உறைகிறது: யாராவது விழுந்தால் யார் பொறுப்பு?

டொராண்டோவில் சொந்த வீட்டில் இருக்கிறோம். பக்கத்து வீட்டுக் கூரைத் தண்ணீர்க் குழாய் எங்கள் வீட்டுக்குக் கார் வரும் பாதையான டிரைவ்வேயைப் பார்த்துத் திறந்திருக்கிறது. பகலில் உருகும் பனி அதன் வழியே வந்து, டிரைவ்வேயைக் கடந்து பொது நடைபாதைவரை ஓடி, இரவில் கண்ணுக்கே தெரியாத ஐஸாக இறுகிவிடுகிறது. போன கிழமை தபால்காரர் அதில் சறுக்கி விழுந்தார். நல்லவேளை, பலத்த அடி இல்லை. பள்ளிப் பிள்ளைகளும் அந்த வழியால்தான் போகிறார்கள், அதுதான் பெரிய பயம்.

உப்பு போட்டோம், கடுங்குளிரில் அது வேலை செய்வதேயில்லை. மணலும் போட்டோம். கொத்தி எடுத்தால் மறுநாள் திரும்பவும் அதேதான். குழாயைத் திருப்பிவிடும்படி நேரிலும் கடிதத்திலும் கேட்டோம், பதிலில்லை. படங்களைத் தேதியோடு வைத்திருக்கிறேன்.

தேடி வாசித்தவரை, பொது நடைபாதையில் விழுந்தவருக்குப் பொதுவாக வீட்டுக்காரர் பொறுப்பில்லை என்று எங்கள் மாகாணமான ஒன்ராறியோவின் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2000இல் சொல்லியிருக்கிறது. ஆனால் வளவிலிருந்து தண்ணீரோ ஐஸோ நடைபாதைக்குப் போனால் அது விதிவிலக்கு. தனியார் வளவில் பனியில் விழுந்தவர் 60 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பது 2021 முதல் சட்டம்.

எங்கள் டிரைவ்வே வழியாக வரும் இந்த ஐஸில் ஒருவர் விழுந்தால் வழக்கு எங்கள்மேல் வருமா, குழாய்க்குச் சொந்தக்காரர்மேல் வருமா?