சுங்கை சிப்புட்டில் ஒரு நாள் சும்மா இருக்க முடியுமா?

தஞ்சாவூர் மருமகள் எழுதியது:

நாங்கள் இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள். என் கணவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் கடிகாரத்தைப் பார்த்தே கழித்த மனிதரை மலேசியா வந்த இடத்திலும் ஒரு சுற்றுலா வழிகாட்டி விரட்டோ விரட்டென்று விரட்டுகிறார். பத்துமலையில் 272 படிகளுக்கு நாற்பது நிமிடம் தந்தார். ஏறி இறங்கியதுதான் மிச்சம். முருகனிடம் இரண்டு வார்த்தை பேச நேரமில்லை.

வரும் புதன்கிழமை ஓய்வு நாள். ரயில் அட்டவணையில் சுங்கை சிப்புட் என்ற பெயரைப் பார்த்துவிட்டு, "அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வருவோம்" என்கிறார். கோலாலம்பூரிலிருந்து போய் அன்றே திரும்பலாமா? பார்க்க என்ன இருக்கிறது?

ஈப்போக்காரன் எழுதியது:

அங்கே ஒன்றும் இல்லை அம்மா. ஈப்போவில் இறங்குங்கள். காலையில் குகைக்கோயில்கள், பிறகு பத்து காஜாவில் கெல்லி கோட்டை, மதியம் கோலகங்சாரில் 1917-இல் கட்டி முடித்த உபுதியா பள்ளிவாசல், மாலையில் வெள்ளைக் காப்பி. வாடகைக் கார் எடுத்தால் எல்லாவற்றையும் முடித்துவிடலாம்.

பழைய கிராணி எழுதியது:

தம்பி, அந்த அம்மா எதற்குப் பயந்து ஓடி வருகிறாரோ அதையே கையில் கொடுக்கிறீர்களே!

அம்மா, சிப்புட் என்றால் மலாயில் நத்தை. ஐயா ஊரைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார். மின்ரயிலில் மூன்று மணி நேரம் போல ஆகும். எல்லா வண்டியும் இங்கே நிற்காது. திரும்பும் டிக்கெட்டையும் முன்பே எடுத்துவிடுங்கள்.

இறங்கியதும் முதலில் பசியாறுங்கள். இங்கே காலை உணவுக்கு அதுதான் சொல். யாராவது "பசியாறிவிட்டீர்களா?" என்று கேட்டால் அது நலம் விசாரிப்பு, விருந்துக்கு அழைப்பு இல்லை. கடைத்தெருவில் ஒரு தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) வாங்கி ஒரு மணி நேரம் உட்காரலாம், எவரும் எழுப்பமாட்டார்கள்.

மகாத்மா காந்தி கலாசாலையை வெளியிலிருந்தாவது பாருங்கள். அமைச்சராக இருந்த தமிழர் துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. அவர் முயற்சியில் எழுந்த அந்தத் தமிழ்ப்பள்ளியை 1954-இல் விஜயலட்சுமி பண்டிட் திறந்துவைத்தார். 1948 ஜூன் 16-ஆம் தேதி மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள் சுடப்பட்டதும் இந்த வட்டாரத்தில்தான். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க ஆங்கிலேயர் அறிவித்த அவசரகாலம் அதிலிருந்து பிடித்து 1960 வரை ஓடியது.

பால்மரம் வெட்டுவதை, அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுப்பதைப் பார்க்க ஆசை என்றால் முதல் நாளே வந்து தங்க வேண்டும். பெரட்டு, அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பது, இருட்டிலேயே முடிந்துவிடும். குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும்; வெயில் ஏறினால் சுணங்கும். மழை பெய்து பட்டை நனைந்தால் வெட்டே கிடையாது; எங்கள் காலத்தில் அன்றைய கூலியும் கிடையாது. என் அம்மா வெட்டிய பாலை எனக்கு முன் இருந்த கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், நிறுத்து எழுதினார். பிறகு நான் பிறர் பாலை எழுதினேன். இப்போது சுற்றுவட்டாரத்தில் பெரும்பகுதி எண்ணெய்ப் பனையான செம்பனை. மரத்தில் உறைந்து புளித்த ஒட்டுப்பால் வாடைக்கு வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு அது வீட்டு வாசனை.

கால் தாங்கினால் மட்டும் கோலகங்சார் போங்கள். 1877-இல் நட்ட கித்தா (ரப்பர்) மரங்களில் ஒன்று மாவட்ட அலுவலகத்தின் அருகே வேலிக்குள் நிற்கிறது. தாங்காவிட்டால் விட்டுவிடுங்கள். அது எங்கும் போகாது.

தஞ்சாவூர் மருமகள் எழுதியது:

போய் வந்துவிட்டோம் ஐயா. மரத்தைப் பார்க்கவில்லை. கலாசாலை வாசலில் நின்றோம். உள்ளே பிள்ளைகள் ஒரே குரலில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவரும் பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை கூடவே முணுமுணுத்தார். வாழையிலையில் சாப்பிட்டோம், கருவாட்டுக் குழம்பு எங்கள் ஊரைவிட ஒரு பிடி உறைப்பு. கடைக்கார அம்மா எங்கள் ஊரைக் கேட்டார். சொன்னதும் ரசம் இரண்டு முறை வந்தது.

திரும்பும் வண்டிக்கு இரண்டு மணி நேரம் முன்பே நிலையத்துக்குப் போய்விட்டோம். எனக்கு பெஞ்சில் நல்ல தூக்கம். விழித்தபோது நிற்காத வண்டி ஒன்று கடந்துகொண்டிருந்தது. இவர் நடைமேடையில் விறைப்பாக நின்று, கையை நீட்டி, கடைசிப் பெட்டி போகும்வரை அசைத்துக்கொண்டிருந்தார். கையில் கொடி ஏது? எனக்கு வாங்கிய வடைப் பொட்டலம்.