மொரீஷியஸ் கிரான் பே படகுக் குழு: ரேடார் மாஸ்ட்லயா (பாய்மரத்துலயா), பின்னாடி கம்பத்துலயா?

ரவி: வணக்கம். 38 அடி ஸ்லூப், அதாவது ஒரே மாஸ்ட் உள்ள பாய்மரப் படகு. 18 இன்ச் ரேடார் டோம் (ஆண்டெனா உள்ள மூடின கூடு), எடை 6 கிலோ. மாஸ்ட்ல 9 மீட்டர்ல மாட்டவா, பின்தளத்துல 3 மீட்டர் கம்பம் நட்டு மாட்டவா? ரியூனியன் தீவு போய் வர்றதுக்குத்தான் முக்கியமா.

சாமி மாமா: மாஸ்ட்தான் தம்பி. உசரம் கூடினா தூரம் கூடும். அலையும் அங்க எட்டாது.

தேவி அக்கா: எவ்வளவு கூடும்னு பாருங்க மாமா. மீட்டர்ல உயரத்துக்கு வர்க்கமூலம் எடுத்து 2.2ஆல பெருக்கினா, ரேடார் அடிவானம் கடல் மைல்ல வரும். 9 மீட்டருக்கு 6.6. 3 மீட்டருக்கு 3.8. எதிர்ல வர்ற கப்பல் 25 மீட்டர் உயரம்னா அதுக்கு 11 சேர்த்துக்கணும். ஆக 17.6, இல்லன்னா 14.8. கப்பல் 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்), நாம 6 நாட், நேருக்கு நேர் வந்தாலும் அந்த வித்தியாசம் 8 நிமிஷம்தான்.

சாமி மாமா: எட்டு நிமிஷம் எட்டு நிமிஷம்தானே 😄

தேவி அக்கா: அதுக்கு விலையும் இருக்கே. டோமை மாஸ்டுக்கு முன்னாடி மாட்டுவீங்க. மாஸ்ட் நடுவுக்கும் டோம் நடுவுக்கும் 40 செ.மீ. இருக்கும். மாஸ்ட் 15 செ.மீ. அகலம்னா பின்னாடி 20 டிகிரிக்கு நிழல். பின்னாலிருந்து நம்மள முந்த வர்ற கப்பல் அந்த நிழல்லயே வரலாம். அதே மாஸ்ட் கம்பத்துலருந்து 7 மீட்டர் தள்ளி இருந்தா மறைக்கிறது 1 டிகிரிக்குக் கொஞ்சம் மேலதான். பீம் (ரேடார் அனுப்புற அலைக்கற்றை) அகலமே 5 டிகிரிக்கு மேல, அதனால ஒண்ணும் ஆகாது.

குமார்: ஜெனோவாவையும் (முன்பக்கப் பெரிய பாய்) மறக்காதீங்க. ஒவ்வொரு டாக்குலயும் (காத்துக்கு எதிரா படகைத் திருப்பிப் பாயைப் பக்கம் மாத்துறப்போ) பாய் டோம் மேல உரசிக்கிட்டுப் போகும். கம்பிக் காப்பு போட்டே ஆகணும்.

ரவி: படகு சாஞ்சா என்ன ஆகும்? ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதானா?

தேவி அக்கா: அதுதான் உயரத்தைவிடப் பெரிய விஷயம். பீம் மேலும் கீழுமா சேர்த்து 25 டிகிரி, அதாவது அடிவானத்துக்கு மேல 12.5, கீழ 12.5. படகு 20 டிகிரி சாஞ்சா, காத்து வர்ற பக்கம் பீமோட கீழ் விளிம்பே அடிவானத்துக்கு 7.5 டிகிரி மேல போயிடும். அந்தப் பக்கம் ரேடார் வானத்தைப் பாக்குது. எதிர்ப்பக்கம் தண்ணியைப் பாக்குது. முன்னாடி பின்னாடி மட்டும் சரியாத் தெரியும்.

போகும்போது தென்கிழக்குக் காத்து பின்பக்கத்துலருந்து, சாய்வு குறைவு. ரியூனியன்லருந்து போர்ட் லூயி திரும்பும்போது அதே காத்து வலது பக்கத்துலருந்து அடிக்கும், படகு இடது பக்கம் நல்லா சாயும். அப்போ குருடாப் போறது தெற்குப் பக்கம். தென்னாப்பிரிக்கக் கேப்புக்கும் மலாக்கா நீரிணைக்கும் நடுவுல ஓடுற கப்பலெல்லாம் அங்கதான். 2020ல பவளப்பாறையில ஏறின வகாஷியோ கப்பலும் அப்படிப் போய்க்கிட்டிருந்ததுதான்.

சாமி மாமா: சரி, சாய்வு மேட்டர்ல தோத்தேன். ஆனா டோமை மட்டமா வெச்சுக்க, சாயுற பிராக்கெட் (தாங்கி) மாஸ்டுக்கும் கிடைக்கும்ல?

குமார்: கிடைக்கும் மாமா, ஆனா மேல எடை இன்னும் ஏறும். அது சிக்கினா ஏறித்தான் எடுக்கணும். கம்பத்துல கைக்கு எட்டும். டோமை முன்-பின் அச்சுல திரும்புற மாதிரி மாட்டி, ஒரு கயிறும் அதைக் கட்ட ஒரு கிளீட்டும் போட்டா டாக் மாத்தினதும் இழுத்து மட்டப்படுத்திக்கலாம். தானா ஆடுற வகைன்னா ஆட்டத்தை அடக்குற டேம்பர் கண்டிப்பா வேணும், இல்லன்னா கோயில் மணி மாதிரி ஆடும்.

ரவி: கம்பம் எந்த சைஸ்?

குமார்: 60 மி.மீ. வெளி விட்டம், 3 மி.மீ. கனம். 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னா 3 மீட்டருக்கு 13 கிலோ, அலுமினியம்னா ஏறக்குறைய 4.5. புஷ்பிட்ல (பின்பக்கக் கைப்பிடிக் குழாய்) மட்டும் கட்டி விட்டா ஆடும், திரையில புள்ளி இழுபடும். அடியில தளத்தோட நாலு M8 போல்ட், தளத்துக்குக் கீழ 6 மி.மீ. அலுமினியத் தகடு. பாதி உயரத்துக்கு மேல ரெண்டு 25 மி.மீ. முட்டுக் குழாய், ஒண்ணு முன்பக்கம், ஒண்ணு குறுக்கால. உங்க தளம் நடுவுல பால்சா மரம் உள்ளதுன்னா ஓட்டையைப் பெருசாப் போட்டு, எபாக்ஸி பசை ஊத்தி, காஞ்ச பிறகு சரியான அளவுல திரும்பத் துளைக்கணும். இல்லன்னா தண்ணி இறங்கி பால்சா அழுகும். அதே கம்பத்துல காத்தாடி ஜெனரேட்டர் வேணாம், அதிர்வு ரேடாருக்கு ஆகாது.

தேவி அக்கா: மேக்னட்ரான் (பலமான நுண்ணலை விடுற வகை) ரேடார்னா ஆள் நிக்கிற தலைமட்டத்துக்கு மேலதான் டோம் இருக்கணும். காம்பஸ், ஜிபிஎஸ் ஆண்டெனா எவ்வளவு தள்ளி இருக்கணும்னு மேனுவல்ல போட்டிருக்கும், பாருங்க. பக்கத்துல இருக்கிற சின்னப் படகுக்கும் தாழ்வான இடம் நல்லது. 9 மீட்டர்லருந்து பீம் 40 மீட்டர் தள்ளித்தான் தண்ணியைத் தொடும், 3 மீட்டர்லருந்து 14. அலைக் குப்பையும் குறைவு.

மாட்டினதும் ரேடார் காட்டுற மூக்குத் திசையை, அதாவது படகு நோக்கி நிக்கிற திசையை, சரி பண்ணணும். நேர் முன்னால ஒரு மிதவையை வெச்சு, திரையில அது மூக்குத் திசைக் கோட்டுமேல விழற வரைக்கும் செட்டிங்ல திருப்புங்க.

ரவி: வயர்?

தேவி அக்கா: கம்பத்துக்குள்ள விட்டு, தளத்துல வளைஞ்ச கழுத்துப் பைப் வழியா இறக்குங்க. வெளிய ஒரு வளைவு தொங்க விட்டா தண்ணி உள்ள வராது.

சாமி மாமா: காவடிக்கு முன்னாடி முடிச்சுடலாம், துளைக்க நான் வர்றேன். ஆனா கம்பத்தை வெட்டறதுக்கு முன்னாடி பூமை (பெரிய பாயோட அடிக்கட்டை) ரெண்டு பக்கமும் முழுசா வீசிப் பாரு தம்பி. நுனி கம்பத்துல படாம ஒரு சாண் இடைவெளியாவது இருக்கணும். டோமை நாலு போல்ட்லயே கழட்டுற மாதிரி வை, சைக்லோன் வருதுன்னா இறக்கிடலாம்.