பழைய 22 இஞ்ச் சைக்கிள், பின் வீல் ஃப்ரீ (ஃப்ரீவீல், செயின் ஓடுற பல்சக்கரம்) கழண்டு வரல, அவசரம்

டைனமோலைட்: தாத்தா வண்டி, மிதிச்சா சில நேரம் பெடல் சும்மா சுத்துது வண்டி நகரல, புது ஃப்ரீ வாங்கி வச்சிருக்கேன் ஆனா பழசு அசையவே மாட்டேங்குது, உளி வச்சு அடிச்சும் பார்த்தாச்சு. நாளைக்கு வண்டி வேணும், என்ன பண்ண?

மிதிமிதி: கியர் வண்டியா, ஒத்தப் பல்சக்கரமா? உளிய எதுல வச்சு எந்தப் பக்கமா அடிச்சீங்க? போட்டோ போடுங்க ப்ரோ.

செயின்கவர்: டீசல்ல ராத்திரி பூரா ஊறட்டும். துரு விட்டா தானா வரும்.

கோட்டர்பின்: இத எத்தனை தடவை சொல்றது தம்பி, பழைய பதிவுகளப் படிச்சுட்டு கேக்கலாம்ல. துரு ரெண்டாவது விஷயம். ஃப்ரீ சாதா வலது மறை (வலப்பக்கம் சுத்துனா இறுகுற திருகு), மிதிக்க மிதிக்க இறுகும், வருஷக்கணக்கா மிதிச்ச வண்டி உளிக்கு அசையுமா?

டைனமோலைட்: கியர் இல்ல, 18 பல்லு. வெளி வளையத்துல ரெண்டு சின்னக் குழி இருக்கு, அதுல வச்சுதான் அடிச்சேன்.

மிதிமிதி: ஐயோ அங்க அடிக்காதீங்க! அது மூடி. அதுக்கு மட்டும் இடது மறை, வலப்பக்கம் சுத்துனா கழண்டு உள்ள இருக்குற பொடி பால்ஸ் எல்லாம் தரையில கொட்டிரும். அச்சுகிட்ட உள்வளையத்துல ரெண்டோ நாலோ வெட்டு இருக்கும், ஃப்ரீ கழட்டுற டூல் உக்கார வேண்டிய இடம் அதுதான்.

பட்டறைவாசி: வீல் கம்பிய வெட்டிட்டு ஹப்ப (நடு உருளைய) மட்டும் பைஸ்ல (இறுக்கிப் புடிக்கிற இரும்புக் கவ்வியில) கட்டுங்க, ஈஸி.

கோட்டர்பின்: கம்பிய வெட்டிட்டா எதப் புடிச்சுத் திருகுவ? ரிம்தான்யா நெம்புகோலே. டூல வெட்டுல உக்கார வச்சு, நழுவாம இருக்க மேல அச்சு நட்டப் போட்டு, டூல பைஸ்ல இறுக்கி, பஸ் ஸ்டீயரிங் மாதிரி ரிம்ம இடப்பக்கமா திருகணும். கொஞ்சம் அசைஞ்சதும் நட்டத் தளர்த்து, இல்லன்னா அச்சு மறை போயிரும். டூல் வெட்டு வாய் போயிருந்தா மட்டும் மூடியக் கழட்டி, பல்சக்கரத்த எடுத்துட்டு, உள் பாடிய பைஸ்ல நேரா கட்டித் திருகலாம், ஆனா அந்த ஃப்ரீ அதோட போச்சு.

செயின்கவர்: கழட்டவே வேணாம்னு நினைக்கிறேன். சும்மா சுத்துதுன்னா உள்ள பல்லுல மாட்டி வீல இழுக்குற கொக்கி ஒட்டியிருக்கும். மண்ணெண்ணெய் விட்டு பின்னாடி சுத்தி அழுக்க வெளியேத்திட்டு தேங்காண்ணெய் விடுங்க.

மிதிமிதி: தேங்காண்ணெயா? மார்கழிக் குளிர்ல உறைஞ்சு கொக்கி மறுபடி ஒட்டிக்கும் ப்ரோ. மெல்லிசு மிஷின் ஆயில்தான்.

பட்டறைவாசி: எங்க பக்கம் கிரீஸ்தான் அடைப்போம், மழைத்தண்ணி இறங்காது.

கோட்டர்பின்: கெட்டி கிரீஸ் அடைச்சா ஸ்பிரிங்கால கொக்கியத் தூக்க முடியாது, மேட்டுல எழுந்து மிதிக்கிறப்ப வழுக்குனா மூஞ்சி போயிரும். கிரீஸ் ஹப் மறைக்கு, ஆயில் உள்ளுக்கு.

பட்டறைவாசி: எத்தனையோ வண்டிக்கு அடைச்சிருக்கோம், யாரும் விழல.

டைனமோலைட்: வந்துருச்சுண்ணே. லேத் பட்டறை பைஸ்ல கட்டி ரெண்டு பேரு திருகுனோம், டப்புன்னு விட்டுச்சு. நன்றி.

மிதிமிதி: சூப்பர். புதுசு போடும்போது மறையில கிரீஸ் தடவுனீங்களா? முதல்ல கையாலயே ஏத்துங்க, கோணையா ஏறுனா ஹப் மறை காலி.

பட்டறைவாசி: கிரீஸ் வேணாம்னு இப்பதான சொன்னீங்க?

மிதிமிதி: உள்ளதான் வேணாம்னோம், மறைக்கு வேணும்ணே. மேல படிங்க.