மைனஸ் 20 டிகிரியில் கைப்பேசியும் கேமராவும் அணைந்துவிடுகின்றன: பேட்டரி கெட்டுவிட்டதா?

துருவத்துப் புதியவன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வேலை நிமித்தமாக நார்வேயின் ட்ரோம்ஸோ நகரில் வசிக்கிறேன். நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி நடுவில்தான் மறுபடி தலைகாட்டும் ஊர் என்பதால், துருவ ஒளியைப் படம் எடுப்பதே இங்கு எனக்குக் குளிர்காலப் பொழுதுபோக்காகிவிட்டது. ட்ரோம்ஸோ கடலோர நகரம். குளிர் அவ்வளவு கொடுமையாக இருப்பதில்லை. ஆனால் மேகம் மூடிய இரவுகளில், மலைகள் மழைமேகத்தைத் தடுத்துவிடுவதால் வானம் தெளிவாக இருக்கும் ஷிபோட்ன் பள்ளத்தாக்குக்கும், சில சமயம் அதைத் தாண்டி பின்லாந்து எல்லையிலுள்ள கில்பிஸ்யார்விக்கும் காரில் செல்கிறோம். அங்கே மைனஸ் 20 டிகிரி என்பது பெரிய செய்தியே அல்ல.

என் சிக்கல் இதுதான். 40 சதவீதம் சார்ஜ் காட்டிக்கொண்டிருக்கும் கைப்பேசி திடீரென்று அணைந்துவிடுகிறது. காருக்குள் சற்று நேரம் வைத்திருந்து மீண்டும் இயக்கினால் ஒன்றுமே நடக்காதது போல 35 சதவீதம் காட்டுகிறது. கோடையில் ஒரு முழுப் பகலுக்கு வரும் மிரர்லெஸ் கேமராவின் பேட்டரி, அங்கே இடைவெளி விட்டுத் தொடர்ந்து படமெடுக்கும் நேர ஒளிப்பதிவைத் (டைம்லேப்ஸ்) தொடங்கிய சிறிது நேரத்திலேயே சிவப்புக் குறியைக் காட்டுகிறது. முதுகுப்பையிலிருக்கும் பவர் பேங்கில் கைப்பேசியை இணைத்தால், சார்ஜ் ஏறுவதாகக் காட்டி உடனே நின்றுவிடுகிறது. பேட்டரிகள் கெட்டுவிட்டனவா? இன்னும் பெரிய பவர் பேங்க் வாங்கினால் தீருமா? சூடேற்றும் பைகளும் இணையத்தில் விற்கிறார்கள். அவற்றால் பயன் உண்டா?

மின்கலப் பொறியாளர்

உங்கள் பேட்டரிகள் கெட்டுவிடவில்லை, கவலை வேண்டாம். மார்கழி மாதக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். எண்ணெய் உள்ளேதான் இருக்கிறது, வெளியே வரவில்லை. லித்தியம் அயனிப் பேட்டரியிலும் ஏறக்குறைய அதுவே நடக்கிறது. குளிரில் உள்ளிருக்கும் மின்பகு திரவத்தின் பாகுத்தன்மை கூடி, அயனிகளின் நகர்வு மந்தமாகி, உள்மின்தடை பல மடங்கு உயர்ந்துவிடுகிறது. அந்த நிலையில் கேமரா செயலியைத் திறந்ததும் கைப்பேசி ஒரேயடியாக அதிக மின்னோட்டத்தை இழுக்கும்போது, மின்னழுத்தம் சடாரென்று சரிந்து, கருவி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். சதவீதக் கணக்கு மீதமிருக்கும் மின்னூட்டத்தைச் சொல்கிறதேயன்றி, அந்த நொடியில் அதை எவ்வளவு வேகமாக வெளியே எடுக்க முடியும் என்பதைச் சொல்வதில்லை. வெப்பம் திரும்பியதும் சார்ஜும் திரும்பிவருவது இதனால்தான். ஐபோன் முதலிய பெரும்பாலான கைப்பேசிகளுக்குத் தயாரிப்பாளர்களே 0 முதல் 35 டிகிரி வரையிலான சூழலைத்தான் பரிந்துரைக்கிறார்கள்; நீங்கள் அந்த எல்லைக்கு வெகுதூரம் கீழே நின்று படம் எடுக்கிறீர்கள்.

சார்ஜ் ஏற்றுவதுதான் உண்மையில் கவனிக்க வேண்டிய இடம். குளிரில் பேட்டரியைப் பயன்படுத்துவதால் வரும் இழப்பு தற்காலிகமானது. உறைநிலைக்குக் கீழே அதற்கு சார்ஜ் ஏற்றுவதால் வரும் கேடு நிரந்தரமானது. அந்த வெப்பநிலையில், கிராஃபைட் மின்முனைக்குள் புக வேண்டிய லித்தியம், உள்ளே புக நேரமில்லாமல் அதன் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். அப்படிப் படிந்ததில் பெரும்பகுதி பிறகு பயனுக்கு வராது. கொள்ளளவு குறைவதோடு, காலப்போக்கில் அது ஊசிபோல வளர்ந்து உட்குறுக்கு மின்சுற்றை உண்டாக்கவும் கூடும். உங்கள் கைப்பேசி சார்ஜை மறுத்தது பழுது அல்ல; பேட்டரியின் வெப்பநிலையை அளந்து, வேண்டுமென்றே நிறுத்திக்கொண்டது. மலிவான பவர் பேங்குகளில் இத்தகைய தடுப்பு இருக்கும் என்று நம்ப முடியாது. ஆகவே இரவு முழுவதும் காரில் உறைந்து கிடந்த பவர் பேங்கை வீட்டுக்குள் கொண்டுவந்ததும் சுவர் மின்சாரத்தில் செருகாதீர்கள். அது தொடுவதற்கு அறை வெப்பத்துக்கு வரும் வரை காத்திருக்க வேண்டும். பெரிய பவர் பேங்க் என்றால் உட்புறம் சூடாக இன்னும் நேரமாகும். 2024-இல் நார்வேயில் விற்பனையான புதிய கார்களில் 88.9 சதவீதம் முழு மின்சாரக் கார்கள். அவற்றில் பல, விரைவு சார்ஜ் நிலையத்தை அடைவதற்கு முன்பே தம் பேட்டரியைச் சூடேற்றிக்கொள்வதற்கும் இதுவே காரணம்.

பனைநிழல் (ஃபின்மார்க்)

தம்பி, மேலே சொன்ன விளக்கம் சரியானது. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, மீன் பதனிடும் தொழிற்சாலை வேலைக்காக நார்வேயின் வடகோடி மாவட்டமான ஃபின்மார்க்கில் குடியேறிய தலைமுறையைச் சேர்ந்தவன். எங்கள் பகுதியிலுள்ள காரஷோக்கில்தான் நார்வேயின் மிகக் குறைந்த வெப்பநிலையான மைனஸ் 51.4 டிகிரி 1886-இல் பதிவானது. ஆகவே குளிரைப் பற்றிக் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன்.

சூடேற்றும் பையை வாங்க வேண்டாம். அதுவும் ஒரு பேட்டரியைத் தின்னும். உங்கள் உடம்பே இலவச அடுப்பு. கைப்பேசியும் மாற்றுப் பேட்டரிகளும் கம்பளி உள்ளாடைக்கும் மேற்சட்டைக்கும் இடையிலுள்ள பையில் இருக்க வேண்டும்; வெளிச்சட்டைப் பை போதாது, முதுகுப்பை அறவே கூடாது. கேமராவில் களைத்துப்போன பேட்டரியைத் தூக்கி எறிவது போல ஓர் ஓரத்தில் போடாமல், அதே உள்பைக்குள் வையுங்கள். கால் மணி, அரை மணி கழித்து அதிலிருந்து இன்னும் கணிசமான படங்களை எடுக்க முடியும். எது புதியது, எது பயன்படுத்தியது என்று இருட்டில் குழம்பாமலிருக்க, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று வைத்துக்கொள்வது நல்லது.

நேர ஒளிப்பதிவுக்கு வேறு வழி இருக்கிறது. பவர் பேங்கை மேற்சட்டைக்குள் வைத்து, வடத்தை மட்டும் சட்டையின் அடிப்பக்கமாக வெளியே எடுத்துக் கேமராவில் செருகுங்கள். 20,000 எம்ஏஎச் பவர் பேங்கில் சுமார் 74 வாட் மணி ஆற்றல் இருக்கிறது. சோனியின் பெரிய கேமரா பேட்டரி 16.4 வாட் மணிதான் கொள்ளும். மின்னழுத்தத்தை மாற்றுவதில் போகும் இழப்பைக் கழித்தாலும் மூன்று பேட்டரிகளுக்கு மேல் தாராளமாக வரும். அதற்கு மேல் பெரிதாக வாங்கினால் விமானத்தில் சிக்கல்; 100 வாட் மணிதான் பொதுவான எல்லை, அதுவும் கைப்பையில் மட்டுமே. கேமரா யூஎஸ்பி மின்சாரத்தில் ஓடிக்கொண்டே படம் எடுக்குமா, அல்லது அணைத்திருக்கும்போது சார்ஜ் மட்டும் ஏற்றுமா என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். உறைந்த கேமராவுக்குள் சார்ஜ் ஏற்றுவதைத்தானே மேலே வேண்டாம் என்றார்கள். ஆகையால் பேட்டரி இருக்கும் இடத்தில் செருகி மின்சாரத்தை நேரே கேமராவுக்குத் தரும், போலி பேட்டரி (டம்மி பேட்டரி) என்று விற்கும் இணைப்பானே உத்தமம். வடம் சிலிக்கோன் உறையுள்ளதாக இருக்கட்டும். சாதாரண பிவிசி வடம் இந்தக் குளிரில் கம்பிபோல விறைத்துக்கொண்டு, இணைப்புத் துளையையே நெம்பிவிடும்.

தலைவிளக்குக்கு அல்கலைன் பேட்டரி போடாதீர்கள். லித்தியம் ஏஏ என்று கேட்டு வாங்குங்கள், மைனஸ் 40 வரை வேலை செய்யும். சார்ஜ் ஏற்ற முடியாத வகை அது. விலையும் கூடுதல்தான், ஆனாலும் விளக்கு விடயத்தில் நான் கணக்குப் பார்ப்பதில்லை.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். படம் எடுக்கும் கைப்பேசியும் உதவிக்கு அழைக்கும் கைப்பேசியும் ஒன்றாக இருக்கக் கூடாது. கூட வருபவர்களில் ஒருவருடைய கைப்பேசியையாவது வெளியே எடுக்காமல் உள்பையிலேயே வைத்திருங்கள். அதில் ‘யெல்ப் 113’ (Hjelp 113) செயலியைப் போட்டுவைத்தால், அதன் வழியே மருத்துவ உதவிக்கு அழைக்கும்போதே நீங்கள் இருக்கும் இடமும் அவர்களுக்குப் போய்ச்சேரும்.

துருவத்துப் புதியவன்

மிக்க நன்றி, அண்ணா. பொறியாளருக்கும் நன்றி. பவர் பேங்கை இத்தனை நாளும் முதுகுப்பையில்தான் வைத்திருந்தேன். இனி சட்டைக்குள் போகும். இன்னொரு கேள்வி: படம் எடுத்து முடித்துச் சூடான காருக்குள் ஏறியதும் கேமரா முழுவதும் நீர் பூத்துவிடுகிறது. லென்ஸைத் துணியால் துடைத்தால் மறுநொடியே மீண்டும் பூக்கிறது. இதனால் கேமராவுக்குக் கேடு வருமா?

இரவுவான் ரசிகை

வரும், பேட்டரியைவிட இதற்குத்தான் நான் அதிகம் அஞ்சுவேன். மைனஸ் 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 1 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 20 டிகிரியில் அதுவே 17 கிராம் வரை தாங்கும். உள்ளே மனிதர்கள் மூச்சுவிட்டுக்கொண்டும் காலணிப் பனி உருகிக்கொண்டும் இருக்கும் காருக்குள் உறைந்த உலோகத்தைக் கொண்டுவந்தால், காற்றிலிருக்கும் ஈரமெல்லாம் அதன்மேல்தான் வந்து படியும். வெளிப்புறத்தில் படிவதைத் துடைத்துவிடலாம்; லென்ஸுக்குள்ளும் சென்சாருக்கு முன்னும் மின்சுற்றுப் பலகையிலும் படிவதைத் துடைக்க வழியில்லை.

செய்ய வேண்டியதை வெளியிலேயே செய்துவிட வேண்டும். குளிரில் நிற்கும்போதே மெமரி கார்டையும் பேட்டரியையும் கழற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் படங்களைப் பார்க்கும் ஆவலில் பையைப் பாதியில் திறந்துவிடுவீர்கள். பிறகு கேமராவைக் காற்றுப்புகாத பெரிய ஜிப் பையில் போட்டு, உள்ளே இருக்கும் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். நீர் இப்போது பையின் வெளிப்புறத்தில் பூக்கும், கேமராவில் பூக்காது. வீட்டுக்கு வந்ததும் சூடான கணப்புக்கு அருகில் வைக்காமல், குளிர்ந்த நுழைவறையிலேயே இரண்டு மணி நேரம் போல விட்டுவிட்டால், கேமரா மெல்ல அறை வெப்பத்துக்கு வந்துவிடும். அடுத்தடுத்த நிறுத்தங்களில் இறங்கிப் படம் எடுப்பதாக இருந்தால், கேமராவைக் காரின் பயணிகள் பகுதிக்குள் கொண்டுவரவே வேண்டாம். பின்பெட்டி தனியாக அடைபட்ட காராக இருந்தால் அங்கே குளிராகவே இருக்கட்டும். பேட்டரி மட்டும் உங்களோடு வரட்டும்.

வெளியே நிற்கும்போது லென்ஸில் உறைபனி படிவதற்குக் காரணம் வேறு. தெளிந்த வானத்தை நோக்கி நிற்கும் கண்ணாடி தன் வெப்பத்தை வானுக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடுகிறது. யூஎஸ்பியில் இயங்கும் சூடேற்றும் பட்டை ஒன்றை லென்ஸைச் சுற்றிக் கட்டினால் போதும். சில வாட் மின்சாரமே தேவை என்பதால், அண்ணன் சொன்ன அதே பவர் பேங்கில் இரண்டாவது வடமாக அதையும் செருகிவிடலாம். குவியத்தை ஒரு பிரகாசமான விண்மீனில் கையால் சரிசெய்துவிட்டுப் பிறகு பட்டையைக் கட்டாதீர்கள். கட்டும்போது வளையம் நகர்ந்துவிடும். முதலில் பட்டை, பிறகு குவியம். வ்யூஃபைண்டரில் கண்ணை வைக்கும்போது மூச்சை வெளியே விடாமல் இருக்கவும் பழகிக்கொள்ளுங்கள், அந்த ஈரம் அங்கேயே உறைந்து ஒட்டிக்கொள்ளும்.